கத்திரிப்பூ நிறம்

மணலியில் ஷட்டவுனின் பதினோராம் இரவு.
இரண்டு இரும்பு அலமாரி, நடுவில் ஒரு ஆரஞ்சு ஒயர்.
இந்தப் பக்கம் சேஃப்டி கன்ட்ரோலர்:
மூன்று மூளை. எதற்கும் ஓட்டெடுப்பு.
இரண்டாவது ஒத்துக்கொண்டால்தான் வால்வு மூடும்.
அந்தப் பக்கம் ஆலையையே ஓட்டும் பெரிய சிஸ்டம்.

‘பேச வைக்கவும்’ என்கிறது வேலைத்தாள்.
பேச்சென்றால் அரட்டை இல்லை.
அது கேட்கும், இது சொல்லும்.
இதற்கு உத்தரவு போட அதற்கு உரிமை கிடையாது;
எழுதும் வழியை நானே பூட்டிவிட்டேன்.

முதல் இரவு முகவரி கொடுத்தேன்.
ஒரே தெரு, அடுத்தடுத்த கதவு,
இருந்தும் ஒன்றையொன்று தெரியாதென்று சாதித்தன.
மாஸ்க்கில் ஓர் இலக்கம் தப்பு.
நான்காம் இரவு கைகுலுக்கின.
ஆறாம் இரவு பார்த்தால்
அத்தனை பேரும் ஓரிடம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள்.
இது பூஜ்யத்திலிருந்து எண்ணும் ஜாதி,
அது ஒன்றிலிருந்து.
ஏழாம் டிடெக்டரில் கேஸ் ஊதினால்
எட்டாவது கத்துகிறது.
படம் தொடங்கிய பிறகு வரிசை தப்பிய குடும்பத்தைப் போல
எழுப்பி எழுப்பி நகர்த்தினேன்.

இன்று லேப்டாப்பை மூடப் போனேன்.
பிளாஸ்க் மூடியில் டீயோடு தேசப்பன் வந்தார்,
பேனல் ஆபரேட்டர், இருபத்திரண்டு வருஷ நைட் ஷிப்ட்.
“எல்லாம் பச்சையா கீது.”
“ஆமாண்ணா.”
“ஒயர புடுங்கினா இன்னா காட்டும்?”

பிடுங்கினேன்.

பச்சை.
டீயில் ஆடை படர்ந்தது. பச்சை.
அமோனியா டேங்க் அழுத்தம் நாலு புள்ளி இரண்டு.
நாலு புள்ளி இரண்டு.
நாலு புள்ளி இரண்டு.

அவர் வீடு சின்னசேக்காடு.
கடற்காற்று எழுந்தால் இந்த டேங்குக்கு அடுத்தது
அவர் மொட்டைமாடிக் கொடிதான்.
“ஒயரே இல்லாத பச்சை,
அது இன்னா பச்சை மேடம்?”

கடைசியாய்க் கேட்டதைச் சொல்லிக்கொண்டே இருப்பது
சிஸ்டத்தின் குணம்.
பொய் இல்லை.
பழையது.

மறுபடி உட்கார்ந்தேன்.
கன்ட்ரோலருக்குள் ஒரு எண் வைத்தேன்,
நொடிக்கு ஒன்று கூடும்.
அழுத்தம் அல்ல, மட்டம் அல்ல, எந்த வால்வும் அல்ல;
இருக்கிறேன், இருக்கிறேன் என்பதோடு சரி.
அது அசையாமல் நின்றால்
மற்ற எதையும் நம்பாதே என்று அந்தப் பக்கம் எழுதினேன்.
எவ்வளவு நேரம் நின்றால்?
ஒரு நொடி என்றால் ஸ்விட்ச் தும்மினாலும் அலறும்.
பத்து என்றால், என்று ஆரம்பித்தேன்.
அவர் பதில் சொல்லாமல் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.
மூன்று.

பிறகு நிறம்.
சிவப்பு ஆபத்து. மஞ்சள் எச்சரிக்கை.
நீலம் பராமரிப்பு, வெள்ளை நிறுத்தம்.
தெரியாது என்பதற்கு
இந்த ஆலையில் இதுவரை ஒரு நிறம் இல்லை.
அறுபத்து நாலு கட்டங்களின் மேல்
அவர் விரல் ரொம்ப நேரம் அலைந்தது.
“இந்தா, கத்திரிப்பூ.
இங்க வேற ஒண்ணுத்துக்கும் இந்தக் கலர் இல்ல.”

மறுபடி பிடுங்கினேன்.
ஒண்ணு, ரெண்டு என்று உதட்டுக்குள் எண்ணினார்.
மூன்றில் டேங்க் பகுதி முழுவதும்
கத்திரிக்காய்த் தோட்டமாய்ப் பூத்தது.
நாலு புள்ளி இரண்டு இருந்த இடத்தில் வெறும் கோடுகள்.
ஒன்றும் தெரியவில்லை என்று தெரிந்ததற்கு
ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டு
நான் பார்த்ததில்லை.
ஹாரனைக்கூட உடனே அணைக்கவில்லை.

சோதனைப் படிவத்தில் நிரப்பினேன்:
எதிர்பார்த்த விடை, தெரியாது.
கிடைத்த விடை, தெரியாது.
தேர்ச்சி.
அவருடைய லாக் புத்தகத்தில் வேறு மாதிரி:
‘2.50. கத்திரிப்பூ ஓகே.’

ஒயரைத் திரும்பச் செருகினேன்.
எண் விட்ட இடத்தில் காத்திருக்கவில்லை,
நூற்றுப் பதினெட்டு தள்ளிப் போயிருந்தது.
கேட்க ஆளில்லாத நேரமெல்லாம்
சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

தேசப்பன் டீ மூடியைக் கழுவப் போனார்.
பதினான்காம் டிடெக்டர் மட்டும்
இன்னும் ஓரிடம் தள்ளியே உட்கார்ந்திருக்கிறது.
அதை நாளைக்கு எழுப்பணும்.